எமுலேட்டர்: போலியா, நிகரா?

தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களிடம் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்று சொன்னால் முழிப்பார்கள். 'முஸ்தபா கேம்' என்றால் முகம் மலரும். கேப்காம் நிறுவனம் 1993-இல் ஆர்கேடுக்காக, அதாவது கடையில் காசு போட்டு ஆடும் இயந்திரத்துக்காக, வெளியிட்ட ஆட்டம் அது. அதில் வரும் நான்கு நாயகர்களில் ஒருவர் பெயர் முஸ்தபா. நம் ஊரில் ஆட்டத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்தில் இதற்கு வீட்டுக் கன்சோல் வடிவம் எதுவும் வரவில்லை. அப்படியானால் பிரவுசிங் சென்டரிலும் வீட்டுக் கணினியிலும் நாம் ஆடியது எதை? எமுலேட்டரில், அதாவது அந்த ஆர்கேட் இயந்திரம்போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில், ஓடிய அசல் ஆட்டத்தை. அந்தச் சொல்லைக் கேள்விப்படாமலே பலர் ஆடி முடித்திருக்கிறார்கள்.

எமுலேட்டர் என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியின் 'ஏமுலுஸ்'. இன்னொருவனுக்கு ஈடாக வந்துவிட வேண்டும் என்று முனைகிற போட்டியாளன் என்று பொருள். ஆங்கிலத்திலும் முதலில் மனிதர்களைப் பற்றித்தான் வழங்கியது. கணினித் துறைக்குள் அதைக் கொண்டுவந்தது ஐபிஎம். 1964-இல் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தபோது அந்த நிறுவனத்துக்கு ஒரு சங்கடம் இருந்தது. வாடிக்கையாளர்கள் 1401 போன்ற பழைய கணினிகளுக்கு எழுதி வைத்திருந்த நிரல்கள் புதிய கணினியில் ஓடாது. பழைய கணினியை வெறும் மென்பொருளால் நடித்துக் காட்டினால் வேகம் படுத்துவிடும். அதனால் புதிய கணினியின் வன்பொருளுக்குள்ளேயே, நுண்நிரல் அளவில், பழைய கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் வசதியை வைத்தார்கள். முழுக்க மென்பொருளாக இருப்பது சிமுலேட்டர், வன்பொருள் துணையோடு ஈடுகொடுப்பது எமுலேட்டர் என்று பெயரையும் பிரித்தார்கள். அந்தக் கணக்குப்படி பார்த்தால் இன்று நாம் எமுலேட்டர் என்று அழைப்பவற்றில் பெரும்பாலானவை சிமுலேட்டர்கள்தான்! சொல் நகர்ந்துவிட்டது.

ஆட்ட உலகில் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் 'போர்ட்'. ஆர்கேட் ஆட்டம் வீட்டுக்கு வர இரண்டு வழி உண்டு. ஆட்டத்தைப் பார்த்து, வீட்டுக் கன்சோலின் வசதிக்கு ஏற்ப நிரலைப் புதிதாக எழுதுவது போர்ட். ஆட்டத்தின் நிரலைச் சிப்பிலிருந்து அப்படியே படித்தெடுத்து, அதை ஓட்டிய இயந்திரத்தை மென்பொருளில் கட்டுவது எமுலேட்டர். முன்னதில் ஆட்டம் மாறுகிறது. பின்னதில் ஆட்டத்தில் ஒரு பைட்டும் மாறுவதில்லை. அடியிலிருக்கும் இயந்திரம்தான் வேறு. 'அசல் மாதிரியே இருக்கிறதா?' என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றுபோலத் தோன்றினாலும், ஒன்றில் ஆட்டத்தை எழுதியவரின் திறமையைக் கேட்கிறோம், மற்றதில் இயந்திரத்தைக் கட்டியவரின் துல்லியத்தைக் கேட்கிறோம்.

போர்ட் படும் பாட்டுக்கு 1982-இல் அட்டாரி 2600 கன்சோலுக்கு வந்த பேக்-மேனை மிஞ்ச ஆளில்லை. அசல் இயந்திரத்தில் நிரல் மட்டுமே 16 கிலோபைட். டாட் ஃப்ரை என்ற நிரலாளருக்கு வீட்டுக் கேட்ரிஜில், அதாவது கன்சோலில் செருகும் ஆட்டப் பெட்டியில், கிடைத்த இடம் 4 கிலோபைட், கன்சோலின் நினைவகமோ வெறும் 128 பைட். போதாததற்கு அந்தக் கன்சோல் இயல்பாக இரண்டு ஆட்டக்காரர் உருவங்களைத்தான் வரையும்; பேக்-மேனுக்கோ ஒரு நாயகனும் நான்கு பேய்களும் வேண்டும். ஃப்ரை பேய்களை முறைவைத்து மாற்றி மாற்றி வரைந்தார். திரையில் அவை நிற்காமல் மினுங்கின. பக்கவாட்டில் இருந்த சுரங்க வழி மேலும் கீழுமாகப் போனது, புள்ளிகள் கோடுகளாயின, பழங்கள் காணாமல் போயின. 70 லட்சத்துக்கும் மேல் விற்று, வாங்கியவர்களில் பலருடைய வசவையும் வாங்கிக் கட்டிக்கொண்டது. ஆனால் அதே கன்சோலுக்கு அடுத்து வந்த மிஸ் பேக்-மேன் 8 கிலோபைட் கேட்ரிஜில் எவ்வளவோ அழகாக இருந்தது. எனவே பழி முழுவதையும் வன்பொருள் மேல் போடுவது நியாயமில்லை.

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் இன்னும் நுட்பமான உதாரணம். டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ 1978-இல் உருவாக்கிய அந்த ஆட்டத்தில் 55 எதிரிகள். திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும்போது ஓர் எதிரி மட்டும் நகரும். அதற்கு மேல் அந்தச் செயலிக்குத் தெம்பில்லை. அதனால் சுட்டு வீழ்த்த வீழ்த்த மிச்சமிருப்பவை தாமாகவே வேகமெடுக்கும். குறைபாடாகப் பிறந்த இந்த வேகத்தை நிஷிகாடோ அப்படியே விட்டுவிட்டார். ஆட்டத்தின் பதற்றமே அங்கேதான் இருக்கிறது. போர்ட் எழுதுபவர் இந்த வேகத்தைத் தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும். 1980-இல் வந்த அட்டாரி வடிவில் எதிரிகள் 36 பேர்தான். எமுலேட்டரில் யாரும் எதையும் சேர்க்க வேண்டாம். நேரக்கணக்கு சரியாக இருந்தால் வேகம் தானாக வந்துவிடும்.

பிழைகளும் அப்படியே வரும். பேக்-மேனில் 256-ஆவது சுற்றை எட்டினால் திரையின் வலது பாதி எழுத்துக்குப்பையாகிவிடும். சுற்று எண்ணை, 255-க்கு மேல் எண்ணமுடியாத 8 பிட்டுக்குள் வைத்ததன் விளைவு. நிக்கோலா சல்மோரியா என்ற இத்தாலியர் 1997 பிப்ரவரியில் முதலில் வெளியிட்ட மேம் எமுலேட்டரில் ஆடினாலும் அதே குப்பை, அதே இடத்தில். அந்தத் திட்டத்தார் தங்கள் முதல் நோக்கம் ஆவணப்படுத்தல் என்றும், ஆடமுடிவது கூடுதலாகக் கிடைக்கும் நன்மை என்றும் சொல்லி வந்திருக்கிறார்கள். முஸ்தபாவைத் தேடிப் போனவர்கள் அந்த விளக்கத்தைப் படித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'போலி' என்று எழுதுவதைக் கண்டாலே எனக்கு எரிச்சல். போலி மருந்து, போலிச் சான்றிதழ் என்று பழகிய காதுக்கு அது குற்றமாகத்தான் கேட்கும். எமுலேட்டர் எழுதுவது குற்றமல்ல. பிளேஸ்டேஷனுக்கு எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் மீது சோனி தொடுத்த வழக்கில், அதற்காக சோனியின் நிரலைப் பிரித்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடே என்று 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஆட்டத்தின் நிரலை அனுமதியின்றிப் பரப்புவது வேறு விஷயம். 'முன்மாதிரி' அதைவிட மோசம். அசலுக்கு முன்பு செய்வதுதான் முன்மாதிரி, எமுலேட்டரோ அசலுக்குப் பல்லாண்டு பின்னால் வருவது. 'பாவனை' சிமுலேட்டருக்குப் பொருந்தும். 'ஒப்புருவாக்கி' கெட்டிக்காரச் சொல்தான், ஆனால் இங்கே உருவாவது உரு அல்ல, நடத்தை.

லத்தீன் வேரில் ஒப்பும் போட்டியும் கலந்திருப்பதைப் பார்த்தோம். தமிழுக்கும் இது புதிதல்ல. தொல்காப்பிய உவமவியல் தரும் உவம உருபுகளில் உறழ, பொருவ, வெல்ல என்பவையும் உண்டு. உறழ்தல் என்றால் ஒத்திருத்தல், மாறுபட்டு எதிர்த்தல் இரண்டும்தான். பொருதல் சண்டையிடுதல், பொருவுதல் ஒத்தல். அர்த்தத்தை மட்டும் பார்த்தால் 'உறழி' அச்சு அசலாகப் பொருந்தும். ஆனால் நாக்கில் ஏறாது. அதே பட்டியலில் நிகர்ப்ப என்பதும் இருக்கிறது, அது இன்றும் உயிரோடு இருக்கும் சொல். நிகரற்ற என்கிறோம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்கிறோம். எனவே எமுலேட்டருக்கு 'நிகரி', எமுலேஷனுக்கு 'நிகர்ப்பு' என்பது என் தேர்வு. மெய்நிகர் என்று ஏற்கெனவே 'விர்ச்சுவல்' என்பதைச் சொல்கிறோமே, குழம்பாதா என்று கேட்கலாம். கொஞ்சம் குழம்பும். நிகரி தனிச்சொல்லாக நிற்பதால் சமாளிக்கலாம் என்றே நினைக்கிறேன். போர்ட்டுக்குச் சிக்கலே இல்லை. ஒரு மொழியிலிருந்து பெயர்ப்பது போலவே ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்ப்பதால் 'பெயர்ப்பு' போதும்.

நிகரி எல்லாவற்றையும் நிகர்த்துவிடாது. 1979-இன் ஆஸ்டராய்ட்ஸ் போன்றவை கோடுகளை மின்கற்றையால் நேரடியாகத் திரையில் வரைந்தவை. புள்ளிகளால் ஆன இன்றைய திரையில் அந்த ஒளிர்வு வராது. பேக்-மேனின் திரை நொடிக்கு 60.6 முறை புதுப்பிக்கப்பட்டது, நம் திரைகள் பெரும்பாலும் 60. பொத்தானை அழுத்தியதற்கும் திரை அசைவதற்கும் இடையே வரும் நூலிழைத் தாமதம் தேர்ந்த ஆட்டக்காரரை உறுத்தும். இதனால்தான் சிலர் 'மிஸ்டர்' (MiSTer) போன்ற எஃப்பிஜிஏ பலகைகளுக்குப் போகிறார்கள். அங்கே பழைய சிப்பின் மின்சுற்றையே, மாற்றியமைக்கக்கூடிய ஒரு சிப்புக்குள் மறுபடி அமைக்கிறார்கள். இதை எமுலேட்டர் என்று சொன்னால் அதன் ரசிகர்களில் சிலருக்குக் கோபம் வரும். ஐபிஎம் அன்று வைத்த பொருளுக்கு மேமை விட இதுதான் கிட்ட நிற்கிறது என்பதை அவர்களிடம் யாராவது சொல்லலாம்.