‘ஏரியா’ என்றால் இடமா, அளவா?

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் விவரத்தாள்களையும் பாதுகாப்பு அறிவிப்புகளையும் தமிழாக்குவது என் தொழில். வாயில் நுழையாத வேதிப்பெயர்கள் என்னைச் சறுக்கவிட்டதில்லை. சந்தேகம் வந்தால் அகராதியைத் திறந்துவிடுவேன். சந்தேகமே வராத ஒரு சொல்லில்தான் சறுக்கினேன். அது ‘ஏரியா’.

ஸ்டீராய்டு களிம்பு ஒன்றின் விவரத்தாள் அது. ‘லார்ஜ் ஏரியா’வில் பூசக்கூடாது என்று ஆங்கில மூலத்தில் இருந்தது. “பெரிய பகுதிகளில் பூச வேண்டாம்” என்று எழுதி அனுப்பினேன். மெய்ப்பு பார்த்தவர் கேட்டார்: “முதுகு பெரிய பகுதிதானே? அங்கே காசளவு படை இருந்தால்கூடப் பூசக்கூடாதா?” அவர் கேட்காமல் விட்ட மறுபக்கம் இன்னும் மோசம். கை, கால், கழுத்து எல்லாம் சிறிய பகுதிகள்தானே என்று ஒருவர் மூன்றிலும் அப்பிக்கொள்ளலாம். மூலம் சொன்னது உடலுறுப்பின் அளவை அல்ல, மருந்து படும் தோலின் மொத்தப் பரப்பை. பூசும் பரப்பு கூடக்கூட, தோல் வழியே இரத்தத்தில் கலக்கும் மருந்தும் கூடும். “உடலில் அதிக இடத்துக்குப் பரவலாகப் பூசாதீர்கள்” என்று திருத்தினேன்.

இதைச் சொல்லும்போது ஒரு கைக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஒருவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கிய களிம்பு சுமார் அரை கிராம் இருக்கும். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு அது போதும். அப்படி விரல்களோடு சேர்ந்த ஓர் உள்ளங்கை என்பது ஏறத்தாழ உடல் பரப்பில் 1 சதவீதம். ‘பாதிக்கப்பட்ட பகுதியில் பூசவும்’ என்ற ஒற்றை வரியை விட இந்தக் கணக்கு படிப்பவருக்கு நன்றாகப் பிடிபடுகிறது.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் மூன்று வேலை பார்க்கிறது. அளந்து சொன்னால் பரப்பளவு. நின்றோ வாழ்ந்தோ சொன்னால் இடம், பகுதி, வட்டாரம். அறிவையோ வேலையையோ சொன்னால் துறை. இலத்தீனில் ‘ஏரியா’ என்றால் திறந்த வெற்றிடம், கதிரடிக்கும் களம். நம் ‘களம்’ என்ற சொல்லும் நெற்களத்தில் இருக்கிறது, போர்க்களத்திலும் களப்பணியிலும் இருக்கிறது. ஒரே மண்தரையிலிருந்து இரண்டு மொழிகளும் இவ்வளவு தூரம் நடந்திருப்பது எனக்கு இன்றும் வியப்புதான். ஹெக்டேர் என்ற அளவின் பின்பாதியும் அதே இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. 100 சதுர மீட்டர் ஓர் ‘ஏர்’, 100 ஏர் ஒரு ஹெக்டேர்.

மூன்றில் எது என்று பார்க்காமல் சொல்லுக்குச் சொல் வைத்தால் என்ன ஆகும்? காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தச் சொல்லும் பூச்சிமருந்துச் சீட்டில் “காற்றோட்டமான பரப்பளவில் பயன்படுத்தவும்” என்று வந்து நிற்கும். அதைப் படிப்பவருக்கு ‘சன்னலைத் திற’ என்பது தோன்றவே தோன்றாது. பரப்பளவைத் திறக்கவும் முடியாது, அதில் நிற்கவும் முடியாது.

பாடநூல் மொழிபெயர்ப்புகளில் நான் அடிக்கடி அடித்துத் திருத்துவது, ‘சர்ஃபேஸ் ஏரியா’வுக்கு எழுதும் ‘மேற்பரப்பு பகுதி’. மேற்பரப்பின் அளவு என்று இருக்க வேண்டியது அது. 2 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 24 சதுர செ.மீ. அதையே 1 செ.மீ. துண்டுகளாக எட்டாக வெட்டினால் மொத்த மேற்பரப்பு 48 ஆகிவிடும். பொடித்த பொருள் சீக்கிரம் கரைவதற்குக் காரணம் இதுதான். ‘பகுதி’ என்று படிக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கின் வாசலே மூடிவிடுகிறது.

அளவிலேயே இன்னொரு குழி உண்டு. ஆங்கிலத்தில் ‘டென் ஸ்கொயர் மீட்டர்ஸ்’ என்பது 10 சதுர மீட்டர். ‘டென் மீட்டர்ஸ் ஸ்கொயர்’ என்றால் பக்கத்துக்கு 10 மீட்டர் உள்ள சதுரம், அதாவது 100 சதுர மீட்டர். சொற்கள் இடம் மாறியதில் பத்து மடங்கு வித்தியாசம். இப்படி வரும் இடத்தில் நான் ஊகிப்பதில்லை. வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே எழுதுகிறேன். அது கிடைக்காவிட்டால் ‘நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு’ என்று பிரித்துத் தரும்படி அனுப்பியவரிடமே கேட்டுவிடுவேன்.

ஒன்று மட்டும் அளவு போலத் தெரிந்தாலும் அளவில்லை: ‘இன் தி ஏரியா ஆஃப் 500’. இது ஏறக்குறைய 500, அவ்வளவுதான்.

பேச்சில் “அது என் ஏரியா இல்லை” என்று சொல்வதில் எனக்கு மறுப்பு கிடையாது. கேட்பவர் எதிரில் இருக்கிறார், புரியாவிட்டால் திருப்பிக் கேட்பார். மருந்துச் சீட்டைக் கையில் வைத்திருப்பவர் யாரிடம் கேட்பார்?