ஹெட்ஃபோன், ஸ்பீக்கர்: டிஜிட்டல் பியானோ வாசிப்பவர்களுக்கு ஒரு சொல் விளக்கம்

‘பியானோ’ என்பதே பாதிப் பெயர்தான். 1700-ஐ ஒட்டி ஃபுளோரன்ஸில் பார்த்தொலோமியோ கிறிஸ்தோஃபோரி உருவாக்கிய கருவிக்கு, ‘பியானோவும் ஃபோர்த்தேயும் உள்ளது’ என்ற பொருளில் நீளமான இத்தாலியப் பெயர் இருந்தது. பியானோ என்றால் மென்மையாக, ஃபோர்த்தே என்றால் உரக்க. நாளடைவில் ஃபோர்த்தே உதிர்ந்துவிட்டது. அடுக்குமாடியில் ராத்திரி பத்து மணிக்கு வாசிப்பவருக்கு மிஞ்சிய பாதியே போதும்.

ஹெட்ஃபோன்: இதிலுள்ள ‘ஃபோன்’ ஒலி, குரல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வருவது. தொலைபேசியின் கேட்கும் பகுதியைத் தலையில் மாட்டிக்கொண்டதுதான் இதன் தொடக்கம். 1910-இல் அமெரிக்காவின் யூட்டாவைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் செய்த ஹெட்ஃபோனை அந்நாட்டுக் கடற்படை வாங்கியது. இசை கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்ஃபோன் வந்தது 1958-இல், ஜான் காஸ் மூலம். தமிழில் ‘தலையணி’ என்றால் தலையணையோ என்று தோன்றும். ‘காதணி’ என்றால் தோடு. ‘செவியொலிப்பான்’ என்பதே என் தேர்வு.

ஸ்பீக்கர்: ‘லவுட்ஸ்பீக்கர்’ என்பதன் சுருக்கம். ‘ஒலிபெருக்கி’ என்ற சொல் நம்மிடம் வேரூன்றிவிட்டது. ஆனால் ஸ்பீக்கர் எதையும் பெருக்குவதில்லை; மின்னலைவை ஒலியாக மாற்றுவது மட்டுமே அதன் வேலை. பெருக்குவது ஆம்ப்ளிஃபயர். மைக் செட் முழுவதையும் ஒலிபெருக்கி என்றே அழைத்துப் பழகியதால் இரண்டும் கலந்துவிட்டன. ஸ்பீக்கருக்கு ‘ஒலிப்பான்’ சரியான சொல்தான், ஆனால் அதை வண்டி ஹாரன் பிடித்துக்கொண்டது. ஒலிபெருக்கி அப்படியே இருக்கட்டும். ஆம்ப்ளிஃபயரைப் ‘பெருக்கி’ என்று தனியே சொன்னால் குழப்பம் தீரும். பியானோவுக்குத் தனி ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர், உள்ளே பெருக்கி உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லாததை நேரே சொருகினால் சத்தம் சரியாக எழும்பாது.

சரி, வீட்டில் வாசிப்பது ஹெட்ஃபோனிலா, ஸ்பீக்கரிலா? ரோலண்ட் நிறுவனத்தின் எஃப்பி-30எக்ஸ் என்ற டிஜிட்டல் பியானோவை எடுத்துக்கொள்வோம். 12 செ.மீ. ஸ்பீக்கர் இரண்டு, தலா 11 வாட். பியானோவின் கடைக்கோடி இடதுகைக் கட்டையின் அடிப்படை அதிர்வு 27.5 ஹெர்ட்ஸ். அவ்வளவு தாழ்ந்த ஒலியை இந்தச் சின்ன வட்டுகள் சரியாகத் தருவதில்லை. அதோடு சேர்ந்து எழும் உயர்ந்த அதிர்வுகளை வைத்து நம் காதே மீதியை ஊகித்துக்கொள்கிறது. நல்ல செவியொலிப்பானில் அந்த அடியொலி தெரியும். பெடலை எடுத்ததும் ஒலி அடங்கும் விதமும் துல்லியமாகக் கேட்கும்.

ப்ளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டாம். பலவற்றில் ஒலி 0.1 நொடிக்கும் மேல் தாமதமாக வரும். விரல் ஒரு பக்கம், ஓசை ஒரு பக்கம் என்றாகிவிடும். பியானோவிலுள்ள ப்ளூடூத்தும் பெரும்பாலும் கைப்பேசிப் பாட்டை வாங்கத்தான், அனுப்ப அல்ல. வயர் உள்ளதே நல்லது. எஃப்பி-30எக்ஸில் 3.5 மி.மீ., 6.3 மி.மீ. என இரண்டு துளைகள் உண்டு. கற்பவரும் சொல்லித்தருபவரும் சேர்ந்தே கேட்கலாம்.

ஆனால் எப்போதும் செவியொலிப்பானிலேயே இருந்தால் ஃபோர்த்தே கைவிட்டுப் போகும். ஒலியளவைக் குறைத்து வைத்தவர் அறியாமலே கட்டைகளை ஓங்கி அடிப்பார். கூட்டி வைத்தவர் தடவுவார். பகலில் ஸ்பீக்கரில், அறை நிறையும் அளவுக்கு வைத்து வாசித்துப் பார்த்தால் கை சரியாகும். இன்னொன்று: ஹெட்ஃபோன் போட்டாலும் கட்டை விழும் ‘தட் தட்’ தரைவழியே கீழ்வீட்டுக்குப் போகும். ஸ்டாண்டுக்கு அடியில் கனமான ரப்பர் விரிப்பு போடுங்கள்.