டெல் 3010-ஆ, 7010-ஆ? பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

ரோஸ் ஹில்லில் கணினி பழுதுபார்ப்பது என் வேலை. கோவிலில் மாலைத் தமிழ் வகுப்பு நடத்தும் அக்கா ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். "தம்பி, பழைய டெல் ஆப்டிபிளெக்ஸ் ஆறு வாங்கினோம். இரண்டில் மட்டும் புது ராம் போட இடமே இல்லை."

ராம் என்பது கணினியின் தற்காலிக நினைவகம். போய்ப் பார்த்தால் நான்கு 7010 மாடல், இரண்டு 3010 மாடல். விற்றவர் "எல்லாம் ஒன்றுதான், ஐ5 பிராசசர்" என்றாராம். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. இரண்டுமே 2012-இல் வந்தவை. கறுப்புப் பெட்டி, மூன்றாம் தலைமுறை ஐ5 வரைக்கும் ஒன்றுதான். மாறுவது எல்லா பாகங்களையும் இணைக்கும் பலகையான மதர்போர்டு. அதை இயக்கும் சில்லு, அதாவது சிப்செட், 7010-இல் கியூ77, 3010-இல் விலை மலிந்த எச்61. அதனால்தான் அங்கே ராமுக்கு நான்கு இடம், இங்கே இரண்டு. 3010-க்கு டெல் சொல்லும் உச்சவரம்பும் 8 ஜிபிதான்.

திறக்காமலே கண்டுபிடிக்கலாம். நீல நிற யூஎஸ்பி 3.0 துளை முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு இருந்தால் 7010. 3010-இல் எல்லாமே யூஎஸ்பி 2.0. ஒரு வேடிக்கை, மலிவான 3010-இல் திரையை இணைக்கும் எச்டிஎம்ஐ துளை உண்டு. 7010-இல் கிடையாது, திரைக்கு ஒரு விஜிஏ துளையும் இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் துளைகளும்தான். அக்கா வாங்கி வைத்திருந்த எச்டிஎம்ஐ கேபிள்கள் நல்ல பெட்டிகளில்தான் சேரவில்லை! நான்கு அடாப்டர் வாங்க வேண்டியதாயிற்று.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியின் வேகத்திலும் வித்தியாசம் உண்டு. அதைச் செருகும் சாட்டா துளை 3010-இல் நொடிக்கு 3 ஜிகாபிட், 7010-இல் இரண்டு துளைகள் 6 ஜிகாபிட். தட்டச்சுப் பழகும் பிள்ளைகளுக்கு இது தெரியவே தெரியாது. இதற்காக யாரும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம் என்பேன்.

பெயரை மட்டும் நம்பாதீர்கள். 2023-இல் டெல் அதே 7010 என்ற பெயரில் 13-ஆம் தலைமுறைக் கணினியையும் விட்டது; அதற்கு வாங்கிய ராம் பழையதில் நுழையாது. சர்வீஸ் டேக் என்ற ஏழு எழுத்து எண்ணை டெல் தளத்தில் போட்டால், தொழிற்சாலையை விட்டு வந்தபோது உள்ளே என்ன இருந்தது என்று தெரியும். காசு கொடுக்கும் முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.

சரி, அந்த ஆறு பெட்டிகள்? 7010-களில் இருந்த 4 ஜிபி ராம்களைக் கழற்றி 3010-களில் இருந்தவற்றுக்குப் பதிலாக இரண்டிரண்டாகப் போட்டேன். புது 8 ஜிபி ராம்கள் 7010-களுக்குப் போயின. இவற்றில் எதுவும் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை, 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரோடு முடிந்தது. அதனால் ஆறிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம், தமிழ்99 விசைப்பலகை. இப்போது பிள்ளைகள் சண்டை போடுவது ஜன்னலோர நாற்காலிக்குத்தான்.