மைக்கா திரும்பி வந்துடுச்சு, அதோட பின்பக்கத்தையும் கொஞ்சம் பாருங்க

போன மாசம் ஒரு கிளையன்ட் போன்ல ஒரு படம் காட்டினாங்க, வெளிர்பச்சை சைட்போர்டு, ஷட்டர்ல, அதாவது கதவுல, கறுப்பு வெள்ளையா புழு நெளியிற மாதிரி டிசைன், ஓரத்துல பிளைவுட் அடுக்கு அப்படியே தெரியுது. இது என்ன மரம் சார்னு கேட்டாங்க. மரமெல்லாம் இல்லம்மா, மைக்காதான்னேன். முகமே மாறிடுச்சு. அவங்க அப்பா வீட்டு டைனிங் டேபிளும் அதே மைக்காதான், வீடு மாத்துறப்ப பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டாங்களாம்.

நம்ம ஊர்ல ஆசாரிங்க, பலகை மேல ஒட்டுற லேமினேட் தகட்டை இன்னும் மைக்கான்னுதான் சொல்றாங்க, இல்லன்னா சன்மைக்கா. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 1913-ல அமெரிக்கால சின்சினாட்டில ஓ'கானர், ஃபேபர்னு ரெண்டு எஞ்சினியருங்க கம்பெனி ஆரம்பிச்சப்போ அவங்க செஞ்சது ஃபர்னிச்சருக்கே இல்ல, கரன்ட் சாமான்ல இன்சுலேஷனுக்கு வைக்கிற மைக்காங்கிற கனிமத்துக்கு பதிலா ஒரு பொருள். மைக்காவுக்கு பதில், அதாவது 'ஃபார் மைக்கா', அதான் ஃபார்மைக்கா. மைக்கா வேணாம்னு கண்டுபிடிச்ச பொருளையே நாம மைக்கான்னு கூப்பிட்டுட்டு இருக்கோம்!

அப்புறம் மெலமின் ரெசின்னு ஒரு கெட்டியான செயற்கைப் பிசின் வந்துச்சு, மேல கலர் பேப்பர் ஒட்டலாம்னு ஆச்சு, 1950-கள்ல அமெரிக்க கிச்சன் பூரா இதுதான். 1950-ல ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ்ங்கிற அமெரிக்க டிசைனர் போட்ட ஸ்கைலார்க் டிசைன், பூமராங் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு இருக்குமே, அது அந்தக் காலத்தோட அடையாளமாவே ஆயிடுச்சு. கிளையன்ட் காட்டின புழு டிசைன் வேற வம்சம், எட்டோரே சோட்சாஸ்ங்கிற இத்தாலி டிசைனர் 1978-ல வரைஞ்ச பாக்டீரியோ. அவர்தான் 1981-ல மிலான்ல மெம்ஃபிஸ்ங்கிற டிசைனர்கள் குரூப்போட சேர்ந்து, ஹோட்டல் மேஜைக்குத்தான் லாயக்குன்னு எல்லாரும் நினைச்ச லேமினேட்டை வரவேற்பறைக்கு கொண்டுவந்தவர். இப்ப ட்ரெண்டா வர்றதுல பாதி இந்த ரெண்டு குடும்பத்தோட பேரப்பிள்ளைங்கதான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். படத்தைப் பார்த்து கலரை காப்பி பண்றோம், பின்பக்கம் என்ன இருக்குன்னு யாரும் பார்க்கிறதில்ல. நானே பார்க்காம மாட்டியிருக்கேன். தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு வீட்டுக்கு ஏழடி வார்ட்ரோப் ஷட்டர், முன்னாடி நல்ல ஒரு மில்லி லேமினேட், உள்பக்கம் செலவு மிச்சம்னு வெறும் பெயின்ட். ஏப்ரல்ல மாட்டினோம், நூல் பிடிச்ச மாதிரி நின்னுச்சு. ஐப்பசி மழை வந்துச்சு, ஷட்டர் வில்லா வளைஞ்சுடுச்சு, நடுவுல மூடுது, மேலயும் கீழயும் அரை இஞ்ச் வெளிய நீட்டிட்டு நிக்குது. ஹின்ஜை மாத்தி மாத்தி முறுக்கிப் பார்த்தோம், ஒண்ணும் நடக்கல. கடைசில என் கைக்காசுல நாலு ஷட்டரும் புதுசா போட்டுக் குடுத்தேன்.

காரணம் சிம்பிள். லேமினேட்ங்கிறது ரெசின்ல ஊறின பிரவுன் பேப்பரை அடுக்கி, மேல டிசைன் பேப்பர் வச்சு, சூட்டுலயும் அழுத்தத்துலயும் அமுக்கின தகடு. ஒட்டின பக்கம் ஈரம் ஏறுறது ரொம்ப கம்மி, ஒட்டாத பக்கம் குடிச்சுக்கிட்டே இருக்கும், அந்தப் பக்கம் ஊதினா பலகை வளையாம என்ன பண்ணும்? அதனால உள்பக்கமும் லேமினேட் போடணும், டிசைன் எல்லாம் வேணாம், சாதா லைனர் போதும், ஆனா தடிமன் கிட்டத்தட்ட முன்பக்கத்துக்கு சமமா இருக்கணும். இன்னொண்ணு, ஷீட்டோட முதுகுல தேய்ச்ச கோடு தெரியும் பாருங்க, முன்னாடி ஷீட்டுக்கும் பின்னாடி ஷீட்டுக்கும் அந்தக் கோடு ஒரே திசைல போகணும், ஏன்னா லேமினேட் நீளவாக்குல அசையறதை விட அகலவாக்குல அதிகம் அசையும். வேஸ்டேஜ் குறைக்கிறேன்னு ஆசாரி ஷீட்டை திருப்பி வெட்டுவார், பக்கத்துல நின்னு பாருங்க, கோவிச்சுக்கிட்டா டீ வாங்கிக் குடுங்க.

அடுத்தது அந்த ஓரம். படத்துல அழகா வரி வரியா தெரியுறது பெரும்பாலும் பர்ச்ங்கிற மரத்துல செஞ்ச பிளைவுட், உள்ள ஓட்டை இல்லாத சரக்கு. நம்ம கடைல கிடைக்கிற சாதா பிளைவுட்டை வெட்டினா நடுவுல சந்து, அதுல அடைச்ச புட்டி, சில இடத்துல எறும்பே குடியிருக்கலாம். அதை அப்படியே திறந்து வச்சா ரெட்ரோவா இருக்காது, வேலை பாதில நின்ன மாதிரி இருக்கும். கடலோர ஊர்ல ஈரம் வேற உள்ள போகும். ஆசைப்பட்டா நல்ல பிளைவுட் வாங்கி ஓரத்துக்கு ரெண்டு கோட் பியூ (PU, பாலியூரித்தேன்) பாலிஷ் அடிங்க, இல்லையா, பழைய காலத்து மாதிரி அலுமினிய பீடிங், அதாவது ஓரப்பட்டி, போட்டுடுங்க, எனக்கு அதுதான் பிடிக்கும்.

சூடான குக்கரை நேரா வைக்காதீங்கன்னு சொல்லவே வேணாம், ஆனாலும் வைப்பீங்க.

பழைய மைக்கா டேபிள் வீட்டுல கிடந்தா தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி கவுத்துப் போட்டு அடிப்பக்கம் தட்டிப் பாருங்க. கரையான் இல்லாம கட்டை கெட்டியா இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. ஓரம் தூக்கியிருந்தா பழைய பசையை சுரண்டி புதுப் பசை தடவி, ராத்திரி பூரா கிளாம்ப் போட்டா உட்கார்ந்துடும். மேல தேஞ்சு டிசைனே போயிருந்தா மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது, அது பேப்பர்தானே, மரம் மாதிரி இழைச்சு பாலிஷ் போட முடியாது.

அந்த கிளையன்ட் இப்ப அவங்க பெரியம்மா வீட்டுல இன்னொரு டேபிள் இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்காங்க, ஆரஞ்சு கலராம். பெரியம்மா குடுக்க மாட்டேங்கிறாங்களாம்.