சீகை மரத்தை வெட்டிய பிறகு

ஜூன் பிறந்தால் எங்களுக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். உலகச் சுற்றுச்சூழல் தினத்தை ஒட்டிப் பள்ளிகள், கல்லூரிகள், நிறுவனங்கள் என்று பலரும் கேட்பது ஒன்றுதான்: "நீலகிரிக்கு வந்து மரக்கன்று நடலாமா?" நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனாலும் அவலாஞ்சி, அப்பர் பவானி, முக்குருத்தி போன்ற உயரமான பகுதிகளுக்கு "வேண்டாம்" என்றே பதில் சொல்லி வருகிறேன். அங்கே ஏற்கெனவே மண்டிக் கிடக்கும் சீகை போன்ற அந்நிய மரங்களை அகற்றி, அவற்றின் அடியில் அழிந்துபோன புல்லைத் திரும்பக் கொண்டுவருவதுதான் நாங்கள் செய்யும் மீட்புப் பணி. மரம் வெட்டுவது பலர் கண்ணிலும் படுகிறது. அதற்குப் பின் வரும் ஆண்டுகளின் வேலையை யாரும் பார்ப்பதில்லை. மலை பிழைப்பதும் பிழைக்காததும் அந்த ஆண்டுகளில்தான் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் பகுதிகளில் இயற்கை ஓர் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. நீரோடை ஓடும் மடிப்புகளில் அடர்ந்த சோலை. அதைச் சுற்றியுள்ள சரிவுகளிலும் மேடுகளிலும் புல். டிசம்பரிலும் ஜனவரியிலும் விழும் உறைபனியில் சோலை மரங்களின் இளங்கன்றுகள் திறந்த சரிவில் பிழைப்பதில்லை. புல் கருகினாலும் அடியிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். பனியையும் நெருப்பையும் தாங்கிக்கொண்டு புல்வெளியின் நடுவே நிற்கக்கூடிய மரம் என்றால் சிவப்பாய்ப் பூக்கும் காட்டுப்பூவரசு போன்ற வெகு சிலதான்.

"முன்பு முழுக்கக் காடாக இருந்ததை மனிதர்கள் எரித்ததால் வந்ததுதானே இந்தப் புல்வெளி?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நீலகிரியின் சதுப்புகளில் மக்கிய தாவரங்கள் அடுக்கடுக்காகப் படிந்து உருவான கரிமண்ணே இதற்குப் பதில் சொல்கிறது. புல் விட்டுச்செல்லும் கரிமமும் மரம் விட்டுச்செல்லும் கரிமமும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை வைத்து சூழலியலாளர் ஆர். சுகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, 20,000 ஆண்டுகளின் வரலாற்றைப் படித்துக் காட்டியது. பருவநிலை மாறியபோதெல்லாம் சோலையும் புல்லும் கூடியும் குறைந்தும் வந்திருக்கின்றன. மனிதன் இங்கே பயிர் செய்ய வருவதற்கு வெகு காலம் முன்பே புல்வெளி இருந்திருக்கிறது.

ஆங்கிலேயர் கண்ணுக்கு அது வெறும் தரிசாகத் தெரிந்தது. உதகையின் குளிருக்கு விறகு வேண்டும் என்று, 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் யூகலிப்டஸ் எனப்படும் கற்பூர மரமும் வந்து சேர்ந்தன. (தலைக்குத் தேய்க்கும் சீயக்காயோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆங்கிலத்தில் வாட்டில் எனப்படும் மரத்தைத்தான் இங்கே சீகை என்கிறோம்.) விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடுவதற்கான பட்டைக்காகவும், செயற்கைப் பட்டுக்கும் காகிதத்துக்கும் தேவையான கூழுக்காகவும் சரிவு சரிவாக அரசே நட்டது. நட்ட தோட்டத்துக்குள் சீகை நிற்கவில்லை. தானாகவே விதைத்துக்கொண்டு புல்வெளிக்குள் இறங்கியது. பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுச் செய்த ஆய்வில், நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு தோட்ட மரங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டது தெரியவந்தது. கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்து "எவ்வளவு பசுமை!" என்று வியப்பவர்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த மாற்றத்தைத்தான்.

நீரில் ஏற்பட்ட இழப்பை நீலகிரியிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். கிளன்மார்கனில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டுவிட்டு, மற்றொன்றின் பெரும் பகுதியில் கற்பூர மரம் நட்டு, உதகையிலுள்ள மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் ஆண்டுக்கணக்கில் ஓடையை அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பின் மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் இழப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கானது. பவானியும் மாயாறும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. கீழே ஈரோட்டு வயலில் நிற்பவருக்கும் இது சொந்தப் பிரச்சினை.

காட்டுயிர்களைப் பொறுத்தவரை, வரையாடுதான் முதலில் நினைவுக்கு வரும். சங்கப் பாடல்கள் வருடை என்று அழைத்த நம் மாநில விலங்கு. அது புல்வெளியில் மேயும். ஆபத்து என்றால் பாறைச் செங்குத்துக்கு ஓடும். மேய்ச்சலுக்கும் பாறைக்கும் நடுவே சீகை அடர்ந்துவிட்டால், புலியோ செந்நாயோ எங்கே பதுங்கியிருக்கிறது என்று அதனால் பார்க்க முடியாது. அந்தச் சரிவையே அது கைவிட்டுவிடும். ஒரு மந்தைக்கும் அடுத்த மந்தைக்கும் தொடர்பு அறுந்துபோகும். தமிழ்நாட்டில் 2024இல் நடந்த கணக்கெடுப்பில் 1,031 வரையாடுகளும், 2025இல் 1,303 வரையாடுகளும் பதிவாயின. கணக்கெடுத்த இடங்களும் கூடியிருப்பதால் இந்த உயர்வை நிதானமாகத்தான் பார்க்க வேண்டும். ஆனாலும் மகிழ்ச்சி தரும் செய்தி. வரையாட்டைப் போல யாரும் பேசாத இன்னோர் உயிர் நீலகிரி நெட்டைக்காலி. குருவி அளவேயுள்ள பழுப்புப் பறவை. உலகிலேயே மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி உச்சிகளில் மட்டும் வாழ்கிறது. புல்லின் அடியில் தரையில் கூடு கட்டும். புல் போனால் அதற்குப் போக்கிடம் கிடையாது.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன்.

சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மேலே நிழல் இருக்கும்வரை உறங்கும். மரத்தை வெட்டிச் சாய்த்து வெயில் தரையில் பட்டதும், அடுத்த மழையில் நாற்றங்கால் போல முளைத்து நிற்கும். வெட்டிய கிளைகளை அங்கேயே குவித்துக் கொளுத்தினால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் சூடு பட்டால்தான் அந்த விதையின் கடினத் தோல் விரைவாக வெடிக்கிறது. போதாததற்குச் சீகையில் சில வகைகள் வேரிலிருந்தே துளிர்க்கும். வெட்டிவிட்டு இரண்டு ஆண்டு திரும்பிப் பார்க்காமல் விட்ட சரிவு, வெட்டாத சரிவைவிட அடர்த்தியாக ஆகிவிடுகிறது. மரத்தை டன் கணக்கில் எடுத்துச் செல்லும் ஒப்பந்தம், கடைசி லாரி மலையை விட்டு இறங்கியதும் முடிந்துவிடும். மீட்பு அதற்கு மறுநாள்தான் தொடங்க வேண்டும். அந்த மறுநாளுக்குத்தான் பெரும்பாலும் பணம் ஒதுக்கப்படுவதில்லை.

எனவே நாங்கள் நெருக்கமான தோப்பில் கை வைப்பதில்லை. புல்வெளியின் ஓரத்தில், ஒன்றிரண்டாக ஊடுருவியிருக்கும் இளம் சீகையிலிருந்து தொடங்குகிறோம். அங்கே மண்ணில் விதை குறைவு. புல் இன்னும் உயிரோடு இருக்கிறது. கொஞ்சம் உதவினால் அதுவே பரவிக்கொள்ளும். நல்ல புல்லைக் காப்பாற்றிக்கொண்டு, அங்கிருந்து உள்நோக்கி நகர்கிறோம். முழங்கால் உயரத்துக்குள் இருக்கும் நாற்றைத் தென்மேற்குப் பருவமழையில் மண் ஊறியிருக்கும்போது கையாலேயே வேரோடு பிடுங்கிவிடலாம். வெயில் காலத்தில் இழுத்தால் தண்டு முறிந்து வேர் தங்கிவிடும், பிறகு அது புதராகக் கிளைக்கும். பெரிய மரங்களைச் சில இடங்களில் வெட்டாமல், அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்து நின்ற நிலையிலேயே காயவிடுகிறோம். தரையில் வெயில் மெல்ல மெல்லத்தான் விழும். விதைகள் ஒரே வீச்சில் முளைக்காது. செங்குத்தான சரிவில் வெட்டியாக வேண்டும் என்றால், கழிகளைச் சரிவுக்குக் குறுக்கே கிடத்திவிடுவோம். மழைநீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் அவை தடுக்கும்.

சுற்றிலும் புல்லே மிச்சமில்லாத இடத்தில் நாமேதான் நட வேண்டும். இந்த மலைக்குரிய புற்களின் விதையைக் கடையில் வாங்க முடியாது. மழைக்காலம் முடிந்து கதிர் முற்றும்போது கையால் உருவிச் சேகரிக்கிறோம். அதிலும் பல புற்கள் மிகக் குறைவாகவே முளைக்கின்றன. ஆகவே நல்ல புல்வெளியிலிருந்து ஆங்காங்கே ஒரு தூரை மட்டும் எடுத்து, நாற்றங்காலில் பிரித்துப் பெருக்கி, மழை தொடங்கும்போது நடுகிறோம். ஒரே இடத்தில் நிறையத் தோண்டினால் ஒன்றைக் காக்க இன்னொன்றை அழித்ததாகிவிடும். இந்தக் கைவேலை முழுவதையும் செய்பவர்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வரும் பெண்கள். எந்தத் தூர் பிழைக்கும், எது பிழைக்காது என்பதை அவர்கள் கண்ணாலேயே சொல்லிவிடுகிறார்கள். களை பிடுங்கும் கூலி என்ற கணக்கில் இந்த அறிவை வைப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இன்னொரு கண்ணி உண்டு. வெட்டிய இடம் ஒரே ஆண்டில் பச்சைக் கம்பளமாகிவிட்டது என்று படம் எடுத்து மகிழ்பவர்கள் பலர். குனிந்து பார்த்தால் அது கிக்குயு புல்லாக இருக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. தண்டுகள் தரையோடு பின்னிப் படர்ந்து வேறெந்தச் செடிக்கும் இடம் விடாது. மாடும் மானும் மேயும் என்பது உண்மைதான். ஆனால் நம் புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள்ளேயே பலவகைப் புற்களும், அவற்றின் நடுவே தரை ஆர்க்கிட்களும், 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் கலந்திருக்கும். அந்தக் கலவை கிக்குயு புல்லுக்குள் திரும்பி வராது. சீகை போன இடத்தில் கிக்குயு வந்தால் அதை நான் வெற்றியாகக் கணக்கிடுவதில்லை.

எல்லாச் சீகையையும் ஒரேயடியாக வெட்டித் தள்ள வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சோலையை ஒட்டி நிற்கும் பழைய சீகைத் தோப்புக்குள் நுழைந்து பாருங்கள். அதன் நிழலில் பனியிலிருந்து தப்பிச் சோலை மரக்கன்றுகள் இடுப்பளவு, ஆளுயரம் என்று வளர்ந்து நிற்கும். பறவைகள் விதையைக் கொண்டுவந்து போட்டிருக்கும். கொடைக்கானல் வட்டக்கானல் பகுதியிலும் இதைக் கண்கூடாகக் காணலாம். அத்தகைய தோப்பில் பொக்லைனை இறக்கினால் பிறந்துகொண்டிருக்கும் சோலை நசுங்கிப்போகும். அங்கே சீகையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டு போனால் போதும். ஆக, வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு சரிவையும் நடந்து பார்த்து, இது புல்லாக வேண்டிய நிலமா, சோலையாக வேண்டிய நிலமா என்று தீர்மானித்தே ஆக வேண்டும். வரைபடத்தில் கோடு போட்டு இதை முடிவு செய்ய முடியாது.

அந்நியக் களைத்தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென்று தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கை வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் இந்த விஷயத்தைத் தொடர்ந்து கவனித்து வந்திருக்கிறது. வரையாட்டுக்கென்று தனித் திட்டமே வந்திருக்கிறது. இவற்றை மனமார வரவேற்கிறேன். இதே சீகையால் அவதிப்பட்ட தென்னாப்பிரிக்கா, நீர்வளத்தைக் காப்பதற்கென்றே 1995இல் ஒரு பெரும் திட்டத்தைத் தொடங்கி, ஏழைக் குடும்பங்களுக்கு வேலை கொடுத்து அந்நிய மரங்களை அகற்றி வருகிறது. வெட்டிய இடத்துக்குத் திரும்பத் திரும்பச் சென்று முளைகளை அகற்றும் சுற்றுகளும் அந்தத் திட்டத்திலேயே அடக்கம். நம் திட்டங்களிலும் அகற்றும் செலவோடு அடுத்த பத்தாண்டுப் பராமரிப்புச் செலவையும் சேர்த்தே ஒப்புதல் தர வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் குறைந்த பரப்பில் வேலை செய்தால் போதும்.

மலையில் வாழும் மக்களையும் மறந்துவிட முடியாது. சீகைதான் பல வீடுகளில் இன்றும் அடுப்பெரிக்கும் விறகு. ஊர் ஓரத்துத் தோப்பை எங்கள் பட்டியலில் கடைசியில் வைப்பதற்குக் காரணம் அதுதான். தோடர்களோ சீகையால் இழந்தவர்கள். அவர்களுடைய எருமைகள் மேய்ந்த வெளிகள் மரத்தோட்டங்களாகின. கோயில் கூரை வேய்வதற்கு வேண்டிய சதுப்புப் புல்லைத் தேடி வெகு தூரம் நடக்கிறார்கள். எந்தச் சரிவு எப்போது எப்படி இருந்தது என்று மந்து எனப்படும் தோடர் குடியிருப்புகளிலுள்ள முதியவர்கள் சொல்வது, எந்தப் பழைய வரைபடத்தையும்விட எங்களுக்கு உதவியிருக்கிறது.

உதவ விரும்புபவர்களுக்குச் சில செய்திகள். உயர்மலைக்கு விதைப்பந்து கொண்டுவந்து வீசாதீர்கள். சமவெளியின் வேம்பும் புங்கமும் அங்கே பனியில் மடியும். தப்பிப் பிழைக்கும் வேறு வெளிமரம் ஏதாவது வந்தால் அது அடுத்த சீகையாகலாம். புல்வெளிக்குள் வண்டியை ஏற்றாதீர்கள், சக்கரம் கிழித்த தடத்தில் முதலில் முளைப்பது களைதான். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகும் முன் காலணியின் அடியையும் கால்சட்டை மடிப்பையும் தட்டிச் சுத்தம் செய்யுங்கள். உதகையிலோ கொடைக்கானலிலோ நிலம் வைத்திருப்பவர்கள் தோட்ட ஓரத்தில் அழகுக்காக ஸ்காட்ச் புரூம் என்ற மஞ்சள் பூச்செடியை வளர்க்க வேண்டாம். அது ஏற்கெனவே புல்வெளிகளில் புதர் புதராகப் பரவியிருக்கிறது. வீட்டுமனையில் ஒரு மூலையில் பழைய புல் மிச்சமிருந்தால் அதை உழாமல் விட்டுவையுங்கள், நாற்றங்கால்களுக்கு அது விதை தரும். கல்லூரி மாணவர்களை அனுப்ப விரும்பும் ஆசிரியர்கள் ஜூன் இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை, வனத்துறையின் அனுமதியோடு சீகை நாற்றுப் பிடுங்க அனுப்பலாம். மழைச்சட்டையும் அட்டைக்கு உப்பும் போதும். அடுத்த ஆண்டும் அதே சரிவுக்கு வருவதாக ஒப்புக்கொள்ளும் குழுக்களுக்கே நாங்கள் முதலிடம் தருகிறோம்.