சிவந்த ஓடையும் ஒடுங்கிய பாறையும்: ஃபின்னிக் க்ளென் உருவான விதம்

ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவுக்கு வடக்கே கில்லர்ன் ஊரை ஒட்டிச் செல்லும் சாலையில் நின்று பார்த்தால் மேய்ச்சல் நிலமும் மரங்களும்தான் தெரியும். அந்த மரங்களுக்கு நடுவே தரை திடீரெனப் பிளந்து, சுமார் 20 மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. ஃபின்னிக் க்ளென் என்பது இந்த இடுக்கின் பெயர். அடியில் ஓடுவது கார்னாக் பர்ன் என்னும் ஓடை. அதன் நடுவே எழுந்து நிற்கும் வட்டப் பாறைக்கு வைத்த ‘பிசாசின் பிரசங்க மேடை’ என்ற பெயரை இப்போது இடுக்கு முழுவதற்குமே சொல்கிறார்கள்.

படங்களில் ஓடை ரத்தச் சிவப்பாகத் தெரியும். ஆனால் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளினால் அதில் சிவப்பே இருக்காது. மேட்டு நிலத்து மக்கிய மண்ணில் ஊறி வருவதால் மழைக்குப் பின் இளந்தேநீர் நிறம் இருக்கும், அவ்வளவுதான். சிவப்பு அடியிலிருக்கும் மணற்கல்லுடையது. இது டெவோனியன் காலத்துப் பாறை. அந்தக் காலம் முடிந்தே ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அன்று இந்த நிலம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, வறண்ட வெப்பப் பகுதியில் கிடந்தது. ஆறுகள் கொட்டிய மணலில் இருந்த இரும்பு, காற்று பட்டுத் துருவாகி, ஒவ்வொரு மணியின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிந்தது. ஆகவே நாம் பார்ப்பது பழைய துருவின் நிறம்.

பாறைக்கு வயது இவ்வளவு என்றாலும் பிளவு மிகப் புதியது. சுமார் 12,900 முதல் 11,700 ஆண்டுகளுக்கு முன்பு வந்த கடுங்குளிரில், லோமண்ட் ஏரிப் பள்ளத்திலிருந்து பனியாறு நகர்ந்து, பக்கத்து டிரிமென் வட்டாரம் வரை வந்தது. பனி உருகிய காலங்களில் ஓடைகளில் நீரும் கல்லும் ஏராளமாக வந்தன. மணற்கல்லை அறுப்பது தண்ணீரைவிட, அது உருட்டி வரும் கூழாங்கற்கள்தான். ஒரே குழியில் சுழலும் கல் குழியை ஆழமாக்கும். அடுத்தடுத்த குழிகள் ஒன்றுசேர்ந்தால் வாய்க்கால் ஆகும். இந்த 20 மீட்டரை அறுக்க 15,000 ஆண்டுகள் ஆனதாக வைத்துப் பங்கிட்டால் ஆண்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. ஆனால் ஓடை அப்படிச் சீராக அறுப்பதில்லை. வெள்ளம் வரும் சில நாட்களில்தான் பெரும்பாலான வேலை நடக்கிறது. பக்கச் சுவர்கள் உதிர்ந்து சரிவதைவிட அடித்தளம் வேகமாக அறுபட்டதால்தான் சுவர்கள் செங்குத்தாக நிற்கின்றன.

அந்த ஒடுக்கம்தான் உள்ளே விழும் ஒளியையும் தீர்மானிக்கிறது. 20 மீட்டர் ஆழமும் 5 மீட்டர் அகலமும் உள்ள ஓரிடத்தில், குறுக்கே வரும் வெயில் அடியைத் தொட சூரியன் 76 பாகை உயரத்தில் இருக்க வேண்டும். இங்கே ஜூன் மாத உச்சிவேளையில்கூட அது 57 பாகையைச் சற்றே தாண்டுகிறது. டிசம்பரில் 11 பாகைகூட இல்லை. ஆகவே சூரியன் இடுக்கின் நீளவாக்கில் வரும் சில நேரங்களைத் தவிர, கீழே விழுவது வானத்திலிருந்தும் சுவரிலிருந்தும் சிதறி வரும் ஒளி மட்டுமே. ஈரம் காய்வதில்லை, பாசி தழைக்கிறது. சிவப்புச் சுவரில் பச்சை போர்த்தியிருக்கும் அந்த அழகு இப்படி வந்தது. கால் வழுக்குவதற்குக் காரணமும் அதே பாசிதான்.

ஆபத்து மழையில்தான் தொடங்குகிறது. அகன்ற ஆற்றில் வெள்ளம் பக்கவாட்டில் பரவும். இங்கே பரவ இடமில்லாததால் மட்டமும் வேகமும் சேர்ந்தே ஏறும். நீரின் வேகம் இரு மடங்கானால் காலில் விழும் தள்ளுவிசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவு நீர் நொடிக்கு 1 மீட்டர் ஓடும்போது ஒரு காலில் சுமார் 4 கிலோ எடை அழுத்துவது போலிருக்கும். 2 மீட்டர் வேகத்தில் அதுவே 15 கிலோவை எட்டும். பாசிக்கல் மேல் நிற்பவரைச் சாய்க்க அது போதும். நீர் கலங்குவது, இலையும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஏறிவிட வேண்டும். தலைக்கு மேல் மழை இல்லை என்பதை நம்பக் கூடாது. மேட்டில் பெய்ததே ஓடையில் வரும். கிளம்புமுன் முந்தைய 24 மணி நேர மழையளவைப் பாருங்கள். பக்கத்திலுள்ள பெரிய ஆறான என்ட்ரிக்கின் நீர்மட்டம் குறைவாக இருப்பதை வைத்துத் துணிய வேண்டாம். சிற்றோடை அதற்கு முன்பே பொங்கிவிடும்.

இறங்கும் வழி 1860 வாக்கில் அமைத்த கற்படிகள்; யாக்கோபின் ஏணி என்றும் சொல்வார்கள். செங்குத்தானவை, தேய்ந்தவை, சில இடங்களில் உடைந்து சாய்ந்தவை. யாரோ கட்டிவிட்டுப் போன கயிறு அங்கே இருந்தால் அதில் உடல் எடையைப் போட வேண்டாம். வெயிலிலும் ஈரத்திலும் நைந்த இழை வெளியே தெரியாது. முகத்தைப் படியின் பக்கம் திருப்பி, இரண்டு கையும் ஒரு காலுமோ, இரண்டு காலும் ஒரு கையுமோ எப்போதும் கல்லில் இருக்கும்படி இறங்குவதே சரி. ஆழமான பள்ளங்கள் உள்ள ரப்பர் அடிக்காலணி வேண்டும், செருப்பு உதவாது. படி முடிந்ததும் குளிர்நீரில்தான் நடக்க வேண்டியிருக்கும் என்பதால் மாற்றுக் காலுறை எடுத்துச் செல்லுங்கள். கீழே கைப்பேசிக்கு அலைவரிசை எட்டாமல் போகலாம், எனவே ஒருவர் மேலேயே இருப்பது நல்லது. சாலையோரப் புல்லில் வண்டியை நிறுத்தினால் மீட்பு வண்டிக்கு வழியிராது.

கீழே இறங்கியதும் சுவரை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே ஏதேனும் இடுக்கில் மரக்கட்டையோ காய்ந்த புல்லோ செருகி நின்றால், ஒரு வெள்ளம் அந்த உயரம் வரை வந்துபோயிருக்கிறது.