குளிர்காலம் வருமுன் ராணித் தேனீ தளர்ந்தால்

கோடை முடியும் நேரத்தில் தேனீப் பெட்டியைத் திறந்து ஒரு சட்டத்தைத் தூக்கிப் பார்க்கிறோம். மூடிய புழு அறைகள் நெருக்கமாக இல்லை. நடுநடுவே காலி அறைகள். உடனே சந்தேகம் ராணியின் மேல்தான் விழும். முட்டை போடுவது அதன் வேலை, முட்டை குறைந்தால் குறை அதனிடம்தானே என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். அவசரப்பட்டு நல்ல ராணியைக் கொன்றாலும் சரி, தயங்கித் தயங்கிப் பயனற்ற ராணியோடு குளிருக்குள் போனாலும் சரி, வசந்தத்தில் மிஞ்சுவது காலிப் பெட்டிதான்.

இந்தப் பருவத்தில் மட்டும் ஏன் இவ்வளவு கவலை? கோடையில் பிறக்கும் பணித் தேனீ சுமார் 5, 6 வாரம்தான் வாழும். இலையுதிர்காலத்தில் பிறப்பவை வேறு மாதிரி. அவற்றின் வயிற்றுக்குள் கொழுப்புத் திசு தடித்திருக்கும், விட்டெல்லோஜெனின் என்ற புரதம் சேர்ந்திருக்கும். புழுக்களுக்கு ஊட்டி ஊட்டி அவை அந்தச் சேமிப்பைக் கரைப்பதில்லை. அதனால் 6 மாதம் வரைகூடத் தாக்குப்பிடிக்கும். குளிர் முழுக்கக் கொத்தாகத் திரண்டு, பறக்கும் தசைகளை நடுக்கி வெப்பம் உண்டாக்குபவை இவைதான். வசந்தத்தின் முதல் புழுக்களுக்கு ஊட்டுபவையும் இவையே. இவை பிறப்பது ஒரு சில வாரங்களுக்குள். அந்த வாரங்களில் ராணி தளர்ந்தால், பிறகு ஈடு செய்ய வழி இல்லை.

ராணி எப்படித் தளர்கிறது என்பதற்கு அதன் இளமைக்குப் போக வேண்டும். தான் வளர்ந்த அறையிலிருந்து வெளிவந்த ஓரிரு வாரத்துக்குள் அது வானில் பறந்து பத்து, இருபது ஆண் தேனீக்களோடு இணைகிறது. அதோடு சரி, வாழ்நாளில் மறுபடி இணைவதில்லை. அப்போது கிடைத்த விந்தணுக்களில் சில மில்லியன் மட்டும் வயிற்றில் உள்ள ஒரு சின்னப் பையில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். ராணி ஒவ்வொரு முட்டையாகக் கருவுறச் செய்து போடுகிறது. கருவுற்ற முட்டை பெண்ணாகும், கருவுறாதது ஆணாகும். ஆக, இருப்பு தீர்ந்த ராணி முட்டை போடுவதை நிறுத்துவதில்லை. போடும் முட்டையெல்லாம் ஆணாகிவிடுகிறது. ஆண் தேனீயால் தேன் சேகரிக்கவும் முடியாது, புழு வளர்க்கவும் முடியாது.

இது அடையிலேயே தெரியும். ஆண் புழு பருமன். பணித் தேனீக்கான சிறிய அறைக்குள் அது அடங்காது. அதனால் மெழுகு மூடி சமதளமாக இல்லாமல் தோட்டா முனைபோலப் புடைத்து நிற்கும். பணித் தேனீ அறைகளின் நடுவே இப்படிப் புடைத்த மூடிகள் சிதறிக் கிடந்தால், அந்த ராணி இனிப் பயன்படாது, யோசிக்க ஒன்றும் இல்லை. முட்டைகளையும் உற்றுப் பார்க்க வேண்டும். வெயில் தோளுக்குப் பின்னாலிருந்து அறைக்குள் விழும்படி சட்டத்தைப் பிடித்தால், அறையின் அடியில் நடுவாக ஒன்றரை மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு வெள்ளைக் கீற்று தெரியும். போட்ட புதிதில் செங்குத்தாக நிற்கும், மூன்றாம் நாள் படுத்துவிடும். ஓர் அறைக்கு ஒன்று, அதுவும் அடியில் என்றால் ராணி போட்டது. ஒரே அறையில் மூன்று, நான்கு, அதுவும் பக்கச் சுவரில் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அங்கே ராணியே இல்லை, பணித் தேனீக்கள் முட்டையிடத் தொடங்கிவிட்டன.

வெறும் காலி அறைகள் மட்டும் என்றால் விஷயம் அவ்வளவு தெளிவல்ல. நாள் குறுகி, மகரந்த வரத்து குறையும்போது நல்ல ராணியும் முட்டையைக் குறைக்கத்தான் செய்யும். வரோவா உண்ணி தாக்கிய புழுக்களைப் பணித் தேனீக்கள் பிடுங்கி எறியும். புழு அழுகல் நோயும் அடையைச் சிதறலாக்கும். 2019ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், புழு அடை மோசமாக இருந்த கூட்டங்களின் ராணிகளையும் நன்றாக இருந்த கூட்டங்களின் ராணிகளையும் இடம் மாற்றிப் பார்த்தார்கள். மோசமான கூட்டத்திலிருந்து வந்த ராணிகள் நல்ல கூட்டத்துக்குப் போனதும், மூன்று வாரத்துக்குள் அவற்றின் அடை மேம்பட்டது. காலி அறைகளைப் பார்த்ததும் ராணியைத் தூக்கில் போடுபவர்கள் இதை மனதில் வைப்பது நல்லது. என்னைக் கேட்டால், முதலில் உண்ணிகளை எண்ணிப் பாருங்கள். புழுக்கள் வெண்முத்து நிறத்தில் இருக்கின்றனவா, பழுப்பேறிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். தீனி போதுமா என்றும் பாருங்கள். ராணி அப்புறம்.

பணித் தேனீக்களின் கருத்தும் முக்கியம். ராணியின் தாடைச் சுரப்பி வாசனை குறையக் குறைய, அவை அடையின் முகப்பில் இரண்டு மூன்று ராணி அறைகளைக் கட்டி மாற்று ராணியை வளர்க்கத் தொடங்கும். கோடையில் இதை அவற்றின் பொறுப்பில் விட்டுவிடலாம். இலையுதிர்காலத்தில் கணக்கு உதைக்கும். இளம் புழுவிலிருந்து ராணி வெளிவர ஏறத்தாழ 12 நாள். பறக்கப் பக்குவமாக ஒரு வாரம். இணைந்து முட்டை தொடங்க இன்னும் சில நாள். அந்த முட்டை பணித் தேனீயாக 21 நாள். எல்லாம் சரியாக நடந்தாலே ஒன்றரை மாதம் போய்விடும். அதுவும் இணைவதற்கு 20 டிகிரி அளவிலான வெயில் நாள் வேண்டும், காற்று அடங்கியிருக்க வேண்டும், ஆண் தேனீக்கள் இருக்க வேண்டும். ஆண்களையோ பணித் தேனீக்கள் அதற்குள் வாசலுக்கு வெளியே தள்ளியிருக்கும். இணையாமல் போன ராணி சில வாரத்தில் ஆண் முட்டைகளை மட்டும் போடத் தொடங்கும்.

எனவே வழி இரண்டுதான். கூட்டம் இன்னும் பலமாக இருந்து, ஏற்கெனவே இணைந்து முட்டையிடும் ராணி கிடைத்தால், பழையதை எடுத்துவிட்டுப் புதியதைக் கூண்டில் வைத்து நுழைக்கலாம். கூண்டின் வாசலை அடைத்திருக்கும் சர்க்கரைக் களியைப் பணித் தேனீக்கள் தின்று முடிக்கும் சில நாளில் அதன் வாசனை பழகிவிடும். ஒரு வாரம் பெட்டியைத் தொடாதீர்கள். பிறகு திறந்து முட்டையைத் தேடினால் போதும், ராணியைத் தேடி எல்லாச் சட்டத்தையும் கலைக்க வேண்டாம்.

கூட்டம் சிறுத்திருந்தாலோ, ராணி கிடைக்காவிட்டாலோ, பக்கத்து நல்ல கூட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். நோய் இல்லை என்று உறுதியான பிறகே இதைச் செய்ய வேண்டும். தளர்ந்த ராணியை எடுத்துவிட்டு, மாலையில் நல்ல கூட்டத்தின் மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, அதில் இரண்டு மூன்று கீறல் போட்டு, மற்றப் பெட்டியை அதன்மேல் வைக்க வேண்டும். இரு பக்கமும் தாளைக் கடித்து வழி செய்வதற்குள் வாசனைகள் கலந்துவிடும், சண்டை வராது. பலர் இதைத் தோல்வியாக நினைத்து இரண்டு நோஞ்சான் பெட்டிகளோடு குளிருக்குள் போகிறார்கள். ஆனால் கொத்து பெரிதாக இருந்தால் ஒவ்வொரு தேனீக்கும் ஆகும் தேன் செலவு குறையும். வசந்தம் வந்து, ஆண் தேனீக்கள் மறுபடி பறக்கத் தொடங்கியதும், அதே கூட்டத்தை இரண்டாகப் பிரித்துப் புதிய ராணியோடு பழைய எண்ணிக்கைக்கு வந்துவிடலாம்.